சாலை கண்ட மெக்காடம்

நாள்தோறும் நாம் மிதித்து நடக்கும் பொருள்களுள் சாலையும் ஒன்று. மிதிபடும் பொருளைப் பற்றி எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. பாயான் லெப்பாசிலிருந்து ஜார்ஜ் டவுன் நகருக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர். பேருந்தில் ஏறி அமர்ந்து நான்கு செய்தி பேசி முடிப்பதற்குள் நகரம் வந்துவிடுகிறது. அச்சாலை மழையில் கரைவதில்லை. வெயிலில் புழுதி கிளப்புவதில்லை. தொழிற்பேட்டைக்குச் செல்லும் பார வண்டிகள் இரவு பகலாக ஓடினும் தாங்கிக்கொள்கிறது. இஃது எவ்வாறு இயன்றது?

பேச்சு வழக்கில் நாம் தார்ச் சடக்கு என்று சொல்லும் இச்சாலையின் வரலாற்றைப் புரட்டினால் முதலில் எதிர்ப்படும் பெயர் ஜான் லவுடன் மெக்காடம் என்பதாகும். அப்பெரியாரின் வாழ்க்கையை மாணவச் செல்வங்களும் பெற்றோரும் தோட்டத் தொழிலாளத் தோழர்களும் அறியும்பொருட்டு இங்கு எழுதப் புகுகின்றோம். அவர் வாழ்வில் ஒரு வியப்பு உண்டு. முதலில் தார் காய்ச்சி விற்கும் தொழிலில் இறங்கிப் பொருள் இழந்தவர் அவர். பின்னர்ச் சல்லிக் கற்களால் சாலை அமைத்து உலகப் புகழ் பெற்றவரும் அவரே. ஆயினும் அவர் பெயரால் வழங்கிய சாலைகளில் ஒரு சொட்டுத் தாரும் இல்லை.

மெக்காடம் 1756 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஸ்காட்லாந்து நாட்டின் மேற்குக் கரையில் உள்ள ஏர் என்னும் ஊரில் பிறந்தார். (உழவர் பிடிக்கும் ஏருக்கும் இவ்வூருக்கும் ஒலி ஒற்றுமையன்றி வேறு தொடர்பு இல்லை.) குடும்பம் பழம்பெருமை உடையது, ஆனால் செல்வம் தேய்ந்துகொண்டிருந்தது. அவர் சிறு குழந்தையாக இருந்தபோது குடியிருந்த மாளிகை தீக்கிரையாயிற்று. மேபோல் என்னும் ஊர்ப் பள்ளியில் படிக்கும்போதே அருகில் இருந்த சாலையின் ஒரு பகுதியை மாதிரி உருவாகச் செய்து காட்டினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். களிமண்ணில் சாலையும் பாலமும் கட்டி விளையாடும் நம் பள்ளிப் பிள்ளைகள் இதனைக் கேட்டு மகிழ்வர் என நம்புகின்றோம்.

1770 ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். பதினான்கு அகவைச் சிறுவனைக் கப்பலேற்றி அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகருக்கு அனுப்பினர். அங்கு அவருடைய சிற்றப்பர் ஒருவர் வணிகம் நடத்திவந்தார். அவரது கணக்குக் கூடத்தில் அமர்ந்து எழுத்தும் எண்ணும் பழகிய சிறுவன் இளமைப் பருவம் எய்தியபோது தாமே வணிகரானார். அக்காலத்தில் அமெரிக்க மக்கள் விடுதலை வேண்டிப் பிரித்தானிய அரசை எதிர்த்துப் போரிட்டனர். மெக்காடம் அரசின் பக்கம் நின்றார். போரில் பிடிபட்ட கப்பல்களையும் அவற்றின் சரக்குகளையும் விற்றுக் கொடுக்கும் முகவராகிப் பெரும்பொருள் ஈட்டினார். பிறர் இழந்தது இவருக்கு வருவாயாயிற்று. இதனை நாம் பெருமையாகச் சொல்லவில்லை. போர் முடிந்து அமெரிக்கா தனி நாடானவுடன் தோற்ற பக்கத்தைச் சேர்ந்தவர்க்கு அங்கு இடமில்லை. சொத்தில் ஒரு பகுதியை இழந்து, மனைவி மக்களுடன் 1783 இல் தாயகம் திரும்பினார்.

எஞ்சிய பணத்தைக் கொண்டு ஏர் மாவட்டத்தில் சாக்ரி என்னும் பண்ணையை விலைக்கு வாங்கினார். அப்பகுதிச் சாலைகளைப் பேணும் பொறுப்பாளருள் ஒருவராகவும் ஆனார். அவருடைய இரு தொழில்களும் இங்குத்தான் தொடங்கின. ஒன்று தார், மற்றொன்று சாலை.

தாரின் கதையை முதலில் சொல்வோம். அக்காலத்துக் கப்பல்கள் மரத்தால் ஆனவை. கடலில் வாழும் ஒருவகைப் புழு அம்மரத்தைத் துளைத்து அரித்துவிடும். அதனைத் தடுக்க மரத்தின்மேல் கீல் பூசுவர். நம் பினாங்குத் தீவின் மீனவரும் படகுக்குக் கீல் பூசிய வழக்கத்தை முதியோர் அறிவர். டண்டொனால்டு பிரபு என்பார் நிலக்கரியைக் காற்றுப் புகாமல் சூளையிலிட்டுச் சூடாக்கினால் தார் வடியும் எனக் கண்டு, 1781 இல் அம்முறைக்கு அரசின் தனியுரிமை பெற்றார். அவருடைய தார்ச் சூளைகளுள் சில ஏர் மாவட்டத்தில் முயிர்கர்க் என்னும் ஊரில் எழுந்தன. அச்சூளைகளுக்கு நிலக்கரி தந்து உதவிய மெக்காடம், பின்னர் அத்தொழிலின் நிருவாகத்திலும் பங்கேற்றார். கடற்படை முழுவதும் தம் தாரை வாங்கும் என்று பிரபு நம்பினார், மெக்காடமும் நம்பினார். நடந்தது வேறு. கடற்படையினர் கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு அடிக்கத் தொடங்கிவிட்டனர். செப்புத் தகட்டைப் புழு துளைக்குமா? தாருக்கு எதிர்பார்த்த விலை போகவில்லை. பிரபு செல்வம் இழந்தார். மெக்காடமும் கடன் சுமையுற்று, பண்ணையை விற்றுவிட்டு, 1798 இல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள பால்மத் துறைமுகத்திற்குக் குடிபெயர்ந்தார்.

சற்று நின்று எண்ணிப் பாருங்கள். நீர் புகாத பொருள் அது. மரத்தையும் கல்லையும் பற்றிக்கொள்ளும் பொருள் அது. அது விலைபோகாமல் கிடந்தது. அவ்வூரைச் சுற்றிய சாலைகளோ மழையில் சேறாய்க் கிடந்தன. ஒன்றின் குறையை மற்றது தீர்த்திருக்கும். அவ்விரண்டையும் இணைக்கும் எண்ணம் நிலைபெற மேலும் நூறாண்டு தேவைப்பட்டது. இதனால் மெக்காடத்தின் அறிவு குறைந்தது என்று நாம் கருதவில்லை. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய காலத்திற்கு அவர் கண்ட முறையே போதுமானதாக இருந்தது, விலையும் மலிவு.

இனிச் சாலையின் கதை. 1798 முதல் 1814 வரை பிரித்தானியச் சாலைகளைக் காண அவர் 30,000 மைல் பயணம் செய்தார் என்றும், அதற்குக் கைப்பொருள் 5,000 பவுன் செலவாயிற்று என்றும் அவர் நாடாளுமன்றக் குழுவினரிடம் கணக்குக் கூறினார். எவரும் அவரை ஏவவில்லை. எவரும் கூலி கொடுக்கவில்லை. நாற்பது அகவையைக் கடந்த ஒருவர் வண்டி குலுங்கக் குலுங்க ஊர் ஊராகச் சென்று, சேற்றில் இறங்கிச் சாலையின் குழிகளை அளந்துகொண்டிருந்தார். கண்டவர் நகைத்திருக்கக்கூடும்.

அவர் கண்ட சாலைகள் எப்படி இருந்தன? முதலில் மண்ணைத் தோண்டிப் பள்ளமாக்குவர். அப்பள்ளத்தில் கைக்கு அகப்பட்ட பெரிய கற்களைக் கொட்டுவர். இடைவெளியை மண்ணாலும் களியாலும் நிரப்பி, நடுவில் முதுகுபோல் உயர்த்தி விடுவர். மழை பெய்ததும் நீர் உள்ளே இறங்கும். பள்ளம் சட்டியாகிவிடும், சட்டியில் தேங்கிய நீர் எங்கே போகும்? அடிமண் குழைந்து, சிறு கல் அமிழ்ந்து, பெருங்கல் மேலெழும். சக்கரம் அதில் மோதி வண்டி கவிழும். இத்தனைக்கும் சாவடிதோறும் மக்களிடம் சுங்கம் வாங்கினர். வாங்கிய பணத்திற்குச் சரியான கணக்கில்லாத இடங்களும் உண்டு.

மெக்காடம் எல்லாவற்றையும் தலைகீழாக்கினார். வண்டியின் பாரத்தைத் தாங்குவது கல்லன்று, அடியிலுள்ள மண்ணே என்பது அவர் கொள்கை. மண் உலர்ந்திருந்தால் எப்பாரத்தையும் தாங்கும். நனைந்தால் எதனையும் தாங்காது. ஆகவே சாலை அமைப்பவன் முதலில் நீரை வெளியேற்ற வேண்டும். பள்ளம் தோண்டலாகாது, சுற்றுப்புற நிலத்தைவிடச் சாலையை உயர்த்த வேண்டும், இருமருங்கும் வடிகால் வெட்ட வேண்டும். அதன்மேல் பரப்பும் கல் அடிமண்ணுக்கு ஒரு கூரை என்றே அவர் கருதினார். கூரைக்கு ஒழுகாமை வேண்டுமேயன்றிப் பருமன் வேண்டியதில்லை அன்றோ? பிறர் மிகத் தடிப்பாகக் கல் அடுக்கிய இடத்தில் அவருக்குப் பத்து அங்குலமே போதுமாயிற்று. முப்பது அடி அகலச் சாலையில் நடுப்பகுதி ஓரத்தைவிட மூன்று அங்குலம் உயர்ந்திருந்தால் நீர் வழிந்தோடிவிடும் என்று கணக்கிட்டார்.

கல்லைப் பற்றி அவர் வகுத்த விதி மிகவும் கண்டிப்பானது. ஆறு அவுன்சுக்கு மேற்பட்ட எடையுள்ள கல் சாலையில் இருத்தலாகாது. நம் கணக்கில் 170 கிராம். அதாவது மூன்று கோழிமுட்டைகளின் எடை. மேற்பரப்பில் இடும் கல் இன்னும் சிறியது. கண்காணிப்பாளர் கையில் தராசு வைத்துக்கொண்டு கற்களை நிறுத்துப் பார்ப்பர். ஏன் இத்துணைச் சிறிய கல்? வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையைவிடக் கல் சிறியதாக இருந்தால் சக்கரம் அதனை அழுத்தி உள்ளே தள்ளும். பெரியதாக இருந்தால் புரட்டிவிடும். உடைத்த கல்லுக்கு முனைகள் உண்டு. முனையும் முனையும் கோத்துக்கொண்டு சில திங்களில் பாறைபோல் இறுகிவிடும். உருண்டைக் கூழாங்கல்லுக்கு இப்பண்பு இல்லை. இடையில் மண்ணோ களியோ ஒரு பிடியும் கலக்கக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். கலந்தால் அது நீரை உறிஞ்சிக் கற்களின் பிடியைத் தளர்த்திவிடும்.

அக்கற்களை உடைத்தவர் யார்? ஏழை எளியவர், முதியவர், பெண்கள், பிள்ளைகள். சாலையோரத்தில் வரிசையாக அமர்ந்து சிறு சுத்தியலால் நாள் முழுதும் கல் உடைத்தனர். நின்று உடைப்பதைவிட அமர்ந்து உடைத்தால் வேலை மிகுதியாகும், முதுமையுற்றோர்க்கும் கூலி கிட்டும் என்பது மெக்காடத்தின் ஏற்பாடு. ஆயினும் பள்ளி செல்ல வேண்டிய அகவையில் கல் உடைத்த அப்பிள்ளைகளை எண்ணும்போது ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு நெஞ்சு கனக்கின்றது. மெக்காடத்தின் பெயர் அகராதியில் ஏறியது. அவர்களுள் ஒருவர் பெயரும் ஏட்டில் இல்லை.

1816 இல் பிரிஸ்டல் நகரைச் சுற்றியுள்ள சுங்கச் சாலைகளுக்கு அவர் மேற்பார்வையாளராக அமர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு அகவை அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. நம் நாட்டில் பலர் ஓய்வூதியத்தை எண்ணும் அகவையில் அவர் உண்மையான தொழிலைத் தொடங்கினார். தாம் கண்டறிந்தவற்றை அவ்வாண்டிலும் 1819 ஆம் ஆண்டிலும் நூல்களாக எழுதி வெளியிட்டார். பழைய சாலைகளைக் கிளறி, உள்ளிருந்த பெருங்கற்களை எடுத்து உடைத்து மீண்டும் பரப்பினார். புதுக்கல் வாங்கும் செலவு பல இடங்களில் மிச்சமாயிற்று. சாலைப் பணிக்குப் பயிற்சி பெற்ற, ஊதியம் வாங்கும் அலுவலர் வேண்டும், கணக்கு நேர்மையாக இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தினார். இதனால் பகைவரும் தோன்றினர். தெல்போர்டு என்னும் மற்றொரு பெரும் பொறியாளர் அடியில் பெருங்கல் பாவுதலே உறுதி என்றார். இருவர் கொள்கையிலும் உண்மை உண்டு. ஆனால் செலவு குறைந்த வழியை ஊர்கள் விரும்பின. மெக்காடத்தின் முறை பரவிற்று. மகன்மாரும் பேரன்மாரும் அத்தொழிலையே மேற்கொண்டனர். 1823 இல் அமெரிக்காவிலும் அம்முறையில் சாலை போட்டனர்.

பயன் கண்கூடாகத் தெரிந்தது. 1750களில் இலண்டனிலிருந்து எடின்பரோ நகருக்குக் குதிரை வண்டியில் செல்லப் பத்து நாள் பிடித்தது. 1830களில் அஞ்சல் வண்டி அத்தொலைவை இரண்டு நாளுக்குள் கடந்தது. மெக்காடம், தெல்போர்டு முதலியோர் சீர்செய்த சாலைகளே இதற்கு முதன்மையான காரணம். நாடாளுமன்றம் அவர் செலவிட்ட பொருளில் ஒரு பகுதியை மானியமாகத் திருப்பித் தந்தது. 1834 இல் அரசு 'சர்' பட்டம் அளிக்க முன்வந்தபோது முதுமையைக் காரணங்காட்டி அவர் ஏற்க மறுத்தார். அவர் மகன் ஜேம்ஸ் அதனைப் பெற்றார். ஆண்டுதோறும் கோடையில் பிறந்த நாட்டைக் காணச் செல்வது அவர் வழக்கம். அவ்வாறு சென்று திரும்பும் வழியில் மொபட் என்னும் ஊரில் 1836 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26 ஆம் நாள் தம் எண்பதாம் அகவையில் இயற்கை எய்தினார்.

அவர் மறைந்தபின் அவருடைய சாலைக்கு ஒரு சோதனை வந்தது. அச்சோதனை ரப்பர் வடிவில் வந்தது என்றால் நம் தோட்டத்து மக்கள் வியப்படைவர். 1888 இல் ஜான் பாய்ட் டன்லப் என்பார் காற்றடைத்த ரப்பர் டயருக்குத் தனியுரிமை பெற்றார். அவரும் அதே ஏர் மாவட்டத்தில் பிறந்தவர்தாம். இரும்புச் சக்கரம் கல்லை அழுத்தி இறுக்கியது. விரைந்தோடும் மோட்டார் வண்டியின் ரப்பர் டயரோ கற்களின் இடையில் இருந்த நுண்துகளை உறிஞ்சி வெளியே வீசியது. பிடிப்பு இழந்த கற்கள் சிதறின. வண்டி சென்ற வழியெல்லாம் புழுதிப் படலம். சாலையோர வீட்டார் சன்னலைத் திறக்க இயலவில்லை.

1901 இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் மாவட்டப் பொறியாளர் ஹூலி என்பார், டென்பி என்னும் ஊரில் ஓர் இரும்பு ஆலையின் அருகே செல்கையில், சாலையின் ஓர் இடம் மட்டும் புழுதியின்றி இறுகிக் கிடப்பதைக் கண்டார். விசாரித்தபோது, அங்கே ஒரு தார்ப் பீப்பாய் விழுந்து உடைந்ததாகவும், வழிந்த தாரை மறைக்க ஆலையின் கசடுக் கற்களைக் கொட்டியதாகவும் கூறினர். அதனைப் பிறர் கண்டிருந்தால் காலைத் துடைத்துக்கொண்டு போயிருப்பர். ஹூலி அதனை ஆராய்ந்து, கல்லைத் தாருடன் சூடாகக் கலந்து பரப்பும் முறைக்கு 1902 இல் தனியுரிமை பெற்றார். மெக்காடத்தின் பெயரோடு தாரைச் சேர்த்து அதற்கு 'டார்மாக்' என்று பெயர் வழங்கிற்று. மெக்காடத்தின் இரு தொழில்களும் அவர் இறந்து அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு ஒன்று சேர்ந்தன.

இன்று சாலையில் ஊற்றும் கரும்பொருளை நாம் பழக்கத்தால் தார் என்றே சொல்கிறோம். உண்மையில் அது நிலக்கரித் தாரன்று. கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் எஞ்சும் நிலக்கீல். நிலக்கரித் தாரில் புற்றுநோய் விளைக்கும் பொருள்கள் மிகுதி என்பதால் அது சாலைப் பணியிலிருந்து பெரிதும் ஒதுக்கப்பட்டது. நூறு கிலோகிராம் சாலைக் கலவையில் நிலக்கீல் ஐந்து கிலோகிராம் அளவே இருக்கும்; மற்றவை எல்லாம் மெக்காடம் போற்றிய உடைகல்லும் துகளும்தாம். ஏறத்தாழ 150 பாகை வெப்பத்தில் கலந்து, சூடு ஆறுமுன் பரப்பி, உருளை வண்டியால் அழுத்துகின்றனர்.

நிலக்கீலின் தன்மையை ஆராய்ச்சிக் கூடத்தில் எவ்வாறு சோதிப்பர் என அறிந்தால் மாணவர் மகிழ்வர். 25 பாகை வெப்பத்தில் வைத்த நிலக்கீலின்மேல் 100 கிராம் பாரமுள்ள ஊசியை ஐந்து நொடி விடுவர். ஊசி எத்துணை ஆழம் இறங்கிற்று என்று பார்ப்பர். நம் நாட்டுச் சாலைகளுக்குப் பெரிதும் பயன்படும் வகையில் அது ஆறு முதல் ஏழு மில்லிமீட்டர் வரை இறங்கும். மிகுதியாக இறங்கினால் நண்பகல் வெயிலில் சாலை இளகிச் சக்கரத் தடம் பதியும். குறைவாக இறங்கினால் விறைத்து வெடிக்கும்.

நம் தீவில் சாலை போட்டவர்களையும் நாம் மறத்தல் தகாது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதி முதலே இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளைப் பினாங்கிற்குக் கொண்டுவந்து சாலை அமைக்கும் வேலையில் ஈடுபடுத்தினர். பின்னாளில் மலாயாவின் பொதுப்பணி இலாகாவில் கல் சுமந்தும் தார் காய்ச்சியும் உழைத்தவருள் தமிழர் மிகப் பலர். அவர்கள் உழைப்பு மெக்காடத்தின் கல் உடைத்த ஏழைகளின் உழைப்பை ஒத்தது. வெயில் மட்டும் இங்குக் கடுமை. இன்னொன்றும் உண்டு. மேலை நாடுகளில் மோட்டார் வண்டி பெருகவே டயருக்கு ரப்பர் மிகுதியாக வேண்டியிருந்தது. மலாயாவில் காடு அழிந்து பால்மரத் தோட்டங்கள் எழுந்தன. நம் பாட்டன் பாட்டியர் கப்பலேறி வந்து லயங்களில் குடியேறினர். சாலையைச் சிதைத்த டயரே நம்மை இங்குக் கொண்டுவந்து சேர்த்தது எனலாம்.

அதே ரப்பர் இப்போது சாலையைக் காக்கும் பொருளாகவும் வந்திருக்கிறது. மங்கில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலைப் பதப்படுத்தி நிலக்கீலுடன் கலந்து சாலை போடும் முறையை மலேசிய ரப்பர் வாரியமும் பொதுப்பணி இலாகாவும் அண்மை ஆண்டுகளில் நம் நாட்டில் கையாண்டு வருகின்றன. ரப்பர் கலந்த நிலக்கீல் வெயிலில் எளிதில் இளகுவதில்லை; பாரம் ஏறி இறங்கியபின் பழைய நிலைக்குத் திரும்பும் இழுவைத் தன்மையும் பெறுகிறது. முதற்செலவு மிகுதி; ஆயினும் சாலை நெடுநாள் நிற்கும் என்பது அம்முறையை ஆதரிப்போர் கருத்து. நம் மாநிலத்திலேயே நிபோங் திபாலில் அமைந்துள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் சாலைப் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சி நடைபெறுகிறது. பாயான் லெப்பாஸ் பிள்ளைக்கு அஃது எட்டாத தொலைவன்று. பாலத்தைக் கடந்தால் போதும்.

மெக்காடத்தின் கணக்கைத் தம் கண்ணாலேயே காண விரும்பும் மாணவர், மழை விட்டவுடன், பெரியோர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, வண்டிப் போக்குக்கு விலகிச் சாலையோரத்தில் நின்று பார்க்கலாம். நீர் நடுவிலிருந்து ஓரத்திற்கு ஓடி வடிகாலில் விழும். எங்கேனும் வடிகால் அடைத்திருந்தால் நீர் தேங்கி நிற்கும். சில திங்கள் சென்று மீண்டும் பார்த்தால் பெரும்பாலும் அதே இடத்தில் ஒரு குழி விழுந்திருக்கும்.